வட்ட முள்ளும் வெடுக்கும் – கடிதம்

அண்ணா, மின்னசோட்டால இருக்கேன். 7 வயசு பொண்ணோட பக்கத்து ஏரியில ப்ளூகில்ங்கிற சின்ன மீனைப் பிடிக்கப் போவேன், உயிர் மண்புழுதான் இரை. பிடிச்சு திரும்ப விட்டுடுவோம். சாதா தூண்டில் முள்ளை மீன் முழுங்கிடுது. போன வாரம் ஒண்ணுக்கு ப்ளையர் விட்டு முள்ளை எடுக்கிறதுக்குள்ள செத்துப்போச்சு, பொண்ணு ஒரே அழுகை. அதான் சர்க்கிள் ஹூக், அந்த வட்ட முள் வாங்கினேன். இப்ப கடிக்குது, மாட்டவே மாட்டேங்குது. முள் சைஸ் 8 நம்பரா 10 நம்பரா? எந்த பிராண்டு? கிராப்பி மீனுக்கும் ஆகுமா?

தம்பி,

ரெண்டு நாளா எனக்கும் தூண்டில் நினைப்புதான், பரண்ல கிடந்த ரீலை இறக்கி எண்ணெய் விட்டுட்டு உக்காந்திருந்தேன், உங்க கடிதம் வருது. சிரிச்சுக்கிட்டே படிச்சேன், பிள்ளை அழுத இடம் வந்ததும் சிரிப்பு போயிடுச்சு.

பிராண்டை விடுங்க, எதுவா இருந்தா என்ன. கிராப்பி கதை தனி, அதுக்கு வாய் காகிதம் மாதிரி கிழியும், இன்னொரு நாள் பேசலாம்.

தக்கை முங்கினதும் நீங்க என்ன பண்றீங்கன்னு எழுதவே இல்லையே? எழுதாட்டியும் தெரியும். வெடுக்குனு இழுக்குறீங்க. நம்ம ஊர்க்காரன் கை வேற என்ன பண்ணும்! எனக்கு 8 வயசு இருக்கும், கண்மாய்க்கரையில தாத்தா பக்கத்துல உக்காந்து, கொட்டாங்குச்சி மண்ணுக்குள்ள இருந்து புழுவை எடுத்துக் கோத்துப் போட்டேன், மயிலிறகுத் தக்கை லேசா ஆடுச்சு, அவ்ளோதான், இழுத்த இழுப்புல தூண்டில் நரம்பு பின்னாடி பறந்து தாத்தா தோள் துண்டுல முள் ஏறிடுச்சு. அவரு திரும்பிக்கூடப் பாக்கல. "அது திங்கட்டும்டா, உனக்கு என்ன பஸ்ஸா போகுது"ன்னாரு. மீதி சாயங்காலம் முழுக்க துண்டுல இருந்து முள்ளைக் கழட்டினதுதான் என் வேலை.

நம்ம ஊர்க் கண்மாய்ல மீன் முள்ளை முழுங்கினாலும் கவலை இல்ல தம்பி, எப்படியும் அருவாமனைக்குப் போற மீன். நீங்க திரும்ப விடுறீங்க, அதுதான் வித்தியாசம். சர்க்கிள் ஹூக்கைக் கையில வச்சுப் பாருங்க, நுனி வெளிய நீட்டாம தண்டைப் பாத்து மடங்கியிருக்கும். மீன் இரையைக் கவ்விட்டுத் திரும்பும்போது நரம்பு மெதுவா இறுகணும், அப்ப முள் தொண்டையில குத்தாம வழுக்கி வந்து வாய் ஓரத்துல சுத்திக்கிட்டு மாட்டும். வெடுக்குனு இழுத்தா சுத்த நேரமே இல்லாம வாயை விட்டே வந்துடும். நீங்க காசு குடுத்து முள்ளை மாத்தினீங்க, கையை மாத்தல. புழுவையும் உருண்டையா திணிச்சு வளைவை அடைச்சிருப்பீங்க, அப்புறம் எங்க மாட்டும்? சின்னத் துண்டா ஒரே ஒரு குத்து, நுனி வெளிய தெரியணும். நுனி பக்கவாட்டுல திரும்பின மாடலும் விக்கிறாங்க, அது வேண்டாம், நேரா இருக்கிறதா பாத்து வாங்குங்க.

அந்த ப்ளையர் விஷயத்துக்கு உங்களைத் திட்டணும். முழுங்கிடுச்சுன்னா நரம்பை வாய்கிட்ட வெட்டி விட்டுடுங்க. கனடாவுல ப்ளூகில்லை வச்சே இதைச் சோதிச்சு 2009ல எழுதியிருக்காங்க, முள்ளைப் பிடுங்கின மீன்தான் அதிகம் செத்துச்சு, நரம்பை வெட்டி விட்டதுல நிறைய மீன் முள்ளைத் தானே வெளிய தள்ளிடுச்சு. அதுவும் முட்டையிடுற சீசன்ல கரையோரம் கூடு கட்டிக் காவல் காக்குறது ஆண் மீன், நீங்க அதைப் பிடிச்சு வச்சு நோண்டுற நேரத்துல மத்த மீனெல்லாம் வந்து முட்டையைத் தின்னுட்டுப் போயிடும். பிள்ளை முன்னாடி இதையெல்லாம் பண்ணாதீங்கய்யா.

ராடைப் பிள்ளை கையில குடுத்துடுங்க. அவளுக்கு நம்ம வெடுக் பழகியிருக்காது, தக்கை முங்கினா ரீலை மட்டும் மெதுவா சுத்தச் சொல்லுங்க. நீங்க புழு டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க.

நம்பர் கேட்டிருந்தீங்கல்ல, மறந்தே போச்சு. 8 போட்டுப் பாருங்க, பொடி மீனா வந்தா 10, நம்பர் ஏற ஏற முள் சின்னது.