‘ஒய்’ நீளமாக இருக்கிறதாம்... டோனர்தான் வழியா?

கேள்வி: திருமணமாகி 4 வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. கணவருக்கு விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 30 லட்சம். குரோமோசோம் பரிசோதனையில் ‘46, எக்ஸ்ஒய்க்யூஹெச் பிளஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். கருத்தரிப்பு சென்டரில் இருந்த ஆலோசகர், ‘ஒய்யில் கோளாறு, டோனர் விந்தணுதான் வழி’ என்கிறார். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில்: மாமியாரிடம் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி வழக்கத்தைவிட நீளம் என்பதுதான் அந்தக் குறியீட்டுக்கு அர்த்தம். இதை நாங்கள் நோயாகக் கருதுவதில்லை. ஒய் அப்பாவிடமிருந்து வருவது. ஆகவே உங்கள் மாமனாருக்கும் அநேகமாக இதே நீளம்தான். அவருக்குப் பிள்ளை பிறக்கவில்லையா என்ன?

அந்தப் பகுதியில் இரண்டு டி.என்.ஏ. வரிசைகள் ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வருகின்றன, அவ்வளவுதான். மனித ஒய்யை, 6 கோடியே 24 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளையும், முழுதாகப் படித்து முடித்ததே 2023-ல்தான். அதுவரை பாதிக்கு மேல் படிக்க முடியாமல் கிடந்ததற்கு இந்த நகல்கள்தான் காரணம். அதே ஆண்டு 43 ஆண்களின் ஒய்யை ஒப்பிட்டார்கள். மிகச் சிறியதில் சுமார் 4.5 கோடி எழுத்துகள், மிகப் பெரியதில் 8.5 கோடி!

ஒய்யில் ஏன் இப்படிக் குவிகிறது? எக்ஸும் ஒய்யும் ஒரு காலத்தில் ஒரே மாதிரியான ஜோடி. ஆணாக்கும் மரபணு அவற்றில் ஒன்றில் உருவான பிறகு, இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொள்வது படிப்படியாக நின்றது. இன்று நுனிகளில் மட்டும் நடக்கிறது. அந்தப் பரிமாற்றத்தில்தான் வேண்டாதவை கழியும். அது நின்றதும், பரணில் சேரும் பழைய சாமான்கள் போல நகல்கள் தங்கிவிட்டன. பழைய மரபணுக்களில் பெரும்பாலானவை அழிந்தன.

ஆனால், ஒன்றைப் பார்க்க வேண்டும். விந்தணு உற்பத்திக்கான மரபணுக்கள் ஒய்யில் ‘ஏஇசட்எஃப்’ என்ற இடத்தில் ஏ, பி, சி என மூன்று பகுதிகளாக இருக்கின்றன. இங்கேயும் நகல்கள் உண்டு. பக்கத்துப் பக்கத்து நகல்கள் தவறாக ஜோடி சேர்ந்தால், இடையில் உள்ளது அப்படியே விழுந்துவிடும். ‘ஏ’ பகுதியின் இரு ஓரங்களிலும் பழைய வைரஸ் ஒன்றின் எச்சம் இருக்கிறது, ஒவ்வொன்றும் சுமார் 10,000 எழுத்து. அவை இரண்டும் ஒட்டிக்கொண்டால் சுமார் 8 லட்சம் எழுத்துகள் காலி. ‘சி’ பகுதியில் 35 லட்சம் எழுத்துகள் வரை போகலாம். இந்த இழப்பு உங்கள் கையிலிருக்கும் குரோமோசோம் அறிக்கையில் தெரியாது. அதற்கு ‘ஒய் மைக்ரோடெலிஷன்’ என்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை, பி.சி.ஆர். முறையில் செய்வது. எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே என்றால் இதைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். அதைப் பற்றிப் பேசாமலே டோனருக்குத் தாவுகிறார்கள் என்றால் என்ன சொல்ல!

உங்கள் கணவருக்கு விந்தணுக்கள் இருக்கின்றன. எனவே ‘ஏ’யோ ‘பி’யோ முழுதாக விழுந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ‘சி’ விழுந்திருந்தாலும் அவருடைய அணுவையே எடுத்து இக்ஸி (ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறை) செய்யலாம். மகன் பிறந்தால் அவனுக்கும் அந்த இழப்பு போகும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எண்ணிக்கை நாளடைவில் இன்னும் குறையலாம் என்பதால், அணுவை உறையவைத்துச் சேமிப்பது பற்றியும் கேளுங்கள்.

‘ஆலோசகர்’ என்று கோட் போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் மார்க்கெட்டிங் ஆட்களாக இருக்கலாம். எந்த லேப், எந்த பேக்கேஜ் என்பதில் கமிஷன் இருக்கலாம். ஒய்யைச் ‘சரிசெய்யும்’ மாத்திரை, ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். குரோமோசோமைக் குட்டையாக்கும் மருந்து உலகத்திலேயே கிடையாது. ‘ஒய் நீளம், ஆண் குழந்தை நிச்சயம், தேர்ந்தெடுத்தும் தருகிறோம்’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். அது 1994-ம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி குற்றம். கேட்ட தம்பதி மீதும் வழக்கு வரலாம்.

மரபியல் ஆலோசனை என்ற ஒரு துறை இருப்பதே நம் மருத்துவமனைகள் பலவற்றுக்குத் தெரியாது. குறியீட்டை அச்சடித்துக் கையில் கொடுத்து, இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். விளக்க வேண்டியது யார் வேலை?

நீங்கள் செய்ய வேண்டியது: விந்துப் பரிசோதனையை வேறொரு லேபில் இன்னொரு முறை எடுங்கள். ஆண்ட்ராலஜிஸ்ட்டிடம் (ஆண் மலட்டுத்தன்மை நிபுணர்) காட்டி, விதைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மைக்ரோடெலிஷன் அறிக்கையில் ஏ, பி, சி மூன்றுக்கும் தனித்தனி முடிவு, பகுதிக்கு இரண்டு இடங்களாவது பார்த்த விவரம் இருக்க வேண்டும். வெறும் ‘நார்மல்’ என்று ஒரு வரி கொடுத்தால் வாங்காதீர்கள்.