கும்பகோணத்துக்கு என் யோசனை: பக்தரை ஒரு இரவு தங்க வைப்போம்

கேள்வி: ஒரு சிறு நகரத்தின் உள்ளாட்சியைச் சீர்திருத்தி அதன் பொருளாதாரத்தை உயர்த்தும் பொறுப்பு உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்?

எல்லா ஊருக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாகச் சொன்னால் எதுவும் சொன்னதாக இருக்காது. நான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவன். குடும்பத்துக்குப் பித்தளைப் பாத்திர வியாபாரம். அதனால் இந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

முதலில், இது ஏழை ஊர் இல்லை. 1854-ல் தொடங்கிய அரசுக் கல்லூரி இருக்கிறது. 1904-ல் இங்கே பிறந்த வங்கி ஒன்று நாடு முழுக்கக் கிளை விட்ட பிறகும் தலைமையகத்தை இங்கேயே வைத்திருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் இங்கே ஒரு தலைமையகம். 2021-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தினார்கள். 2022 பிப்ரவரியில் 48 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்து, ஒரு ஆட்டோ ஓட்டுநர் முதல் மேயராக வந்தார். எனக்கு அதில் இன்றும் பெருமை உண்டு.

ஆனால் ஊருக்கு வருகிற கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஊரில் தங்குகிற பணம் குறைவு. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு குடும்பம் காரில் வருகிறது. காலையில் ஆலங்குடி, திருநாகேஸ்வரம் என்று சுற்றிவிட்டு மத்தியானம் ஒரு சாப்பாடு, ஒரு டிகிரி காபி, சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள். பாத்திரமோ குத்துவிளக்கோ பட்டுப் புடவையோ யாரும் கோயிலுக்கு ஓடும் அவசரத்தில் வாங்க மாட்டார்கள். இரவு தங்குகிறவர்கள்தான் சாயங்காலம் கடைத்தெருவில் நிதானமாக நடந்து, நாலு கடை ஏறி இறங்கி, விலை பேசி வாங்குவார்கள். லாட்ஜ், டிபன் கடை, பூக்கடை, ஆட்டோ என்று எல்லோருக்கும் அந்த ஒரு இரவில் கொஞ்சம் கொஞ்சம் போய்ச் சேரும். புதிதாக ஒரு தொழிற்சாலையைக் கூட்டி வருவதைவிட, ஏற்கெனவே வருகிறவர்களை ஒரு ராத்திரி தங்க வைப்பது சுலபம். என் பொருளாதார யோசனை மொத்தமும் இதுதான்.

2024-ல் போக்குவரத்துக் கழகம் இங்கிருந்து ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் பார்க்க வார இறுதிப் பேருந்து விட்டது. விடியற்காலையில் கிளம்புகிற வண்டி. வெளியூர்க்காரர் அதில் ஏற வேண்டுமென்றால் முந்தின நாளே இங்கே வந்து தங்க வேண்டும். இரவு திரும்பி வந்ததும் மறுபடி தங்கத்தான் தோன்றும். இது ஒரு நல்ல தொடக்கம்.

சரி, வருகிறவர் ஏன் தங்குவதில்லை? உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அப்புறம் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க நடைபாதை, வண்டி நிறுத்த இடம், இரவில் சந்துகளில் விளக்கு, மழை பெய்தால் வடியும் வாய்க்கால். இவை எதையும் லாட்ஜ்காரரோ கடைக்காரரோ செய்து தர முடியாது, மாநகராட்சிதான் செய்ய வேண்டும். அதனால்தான் உள்ளாட்சிச் சீர்திருத்தத்தையும் வியாபாரத்தையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

உள்ளாட்சி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தேர்தல். தமிழ்நாட்டு நகரங்களில் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த மன்றம் வந்தது 2022-ல். நடுவில் ஐந்து வருஷத்துக்கும் மேல், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆட்சி. இத்தனைக்கும் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. 2022-ல் பதவியேற்ற மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 தொடக்கத்தோடு சரி. அதற்கு அடுத்த வருஷம், 2028-ல், மகாமகம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாசி மகத்தன்று பல லட்சம் பேர் ஒரு குளத்தைத் தேடி வரும் திருவிழா. 1992-ல் நெரிசலில் பலர் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. 2027 தேர்தல் தள்ளிப்போனால், வார்டுக்கு ஒரு பிரதிநிதி கூட இல்லாமல் இந்த ஊர் மகாமகத்தை நடத்த வேண்டி வரும். எந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் நுழையும், எந்த வாய்க்காலை யார் மறித்திருக்கிறார்கள் என்பது வார்டு கவுன்சிலருக்குத் தெரியும். மாற்றலில் வந்த அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதைக் கற்றுக்கொள்வதற்குள் விழா முடிந்துவிடும்.

மகாமகத்துக்கு என்று மாநில அரசு ஒதுக்கும் பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் அவசரமாகப் போடும் தார்ச்சாலையும் தற்காலிகக் கழிப்பறையும் விழாவோடு போய்விடும். அதே பணத்தில் பேருந்து நிலையம், ரயில் நிலையம், மகாமகக் குளம், முக்கியமான சன்னதித் தெருக்கள் பக்கத்தில் நிரந்தரக் கழிப்பறைகளும், அவற்றை அடுத்த பத்து வருஷம் பராமரிக்க ஒரு ஒப்பந்தமும் கேட்பேன். கட்டுவதற்கு எல்லோரும் வருவார்கள், கழுவுவதற்கு ஆள் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

அடுத்தது சொந்த வருமானம். சிறு நகரங்கள் மாநில அரசின் பங்கையும் மத்திய நிதிக்குழு மானியத்தையும் நம்பியே ஓடுகின்றன. 2021-லிருந்து 2026 வரை 15-ஆவது நிதிக்குழு பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத் தந்ததில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டியிருந்தது. ஊர் தன் விருப்பப்படி செலவு செய்ய வேண்டுமென்றால் சொந்தப் பணம் வேண்டும். தொழில் வரிக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சம் என்று 1988-ல் வைத்த வரம்பு இன்னும் மாறவில்லை, அதை மாற்றும் அதிகாரம் ஊரிடம் இல்லை. 2022-ல் சொத்து வரி உயர்ந்தபோது வீட்டுக்காரர்களுக்கு வலித்தது, எங்களுக்கும்தான். அதனால் வரியை மேலும் ஏற்றச் சொல்ல மாட்டேன்.

ஊருக்குச் சொந்தமான கடைகளை முதலில் பார்ப்பேன். தமிழகத்துச் சிறு நகரங்கள் பலவற்றிலும் இதே கதைதான். உள்ளாட்சிக்குச் சொந்தமான கடையை எப்போதோ குறைந்த வாடகைக்கு எடுத்த ஒருவர், அதைப் பல மடங்கு உள்வாடகைக்கு விட்டிருப்பார். உள்ளே உட்கார்ந்து உழைக்கிறவர் சந்தை வாடகை கொடுக்கிறார், ஊருக்குப் பழைய வாடகைதான் போகிறது. ஒவ்வொரு கடையின் எண், யார் பெயரில் இருக்கிறது, மாத வாடகை, குத்தகை முடியும் தேதி, பாக்கி. இந்த ஐந்தையும் இணையத்திலும் அந்தக் கடை வாசலிலும் எழுதி வைக்கச் சொல்வேன். இதற்குப் புதுச் சட்டமோ பெரிய செலவோ வேண்டாம், ஒரு மன்றத் தீர்மானம் போதும். எதிர்ப்பு கடுமையாக இருக்கும் என்பதும் தெரியும். உள்வாடகையில் இருப்பவருக்கே நேரடியாகக் குத்தகையை மாற்றிக் கொடுத்தால் பாதிப் பேராவது நம் பக்கம் நிற்பார்கள்.

வரவைச் சொல்லிவிட்டுச் செலவைச் சொல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். வார்டு வாரியாக வரவும் செலவும் ஒரே பக்கத்தில், தமிழில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். வார்டு குழுக்களுக்கும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கும் 2022-ல் விதிகள் வந்துவிட்டன, அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்களும் நடந்தன. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடினால் பேச்சு மாறும். குளத்தைச் சுற்றியும் கோயில் வாசலிலும் வியாபாரம் செய்கிறவர்களையும் இதில் விட்டுவிடக் கூடாது. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் அவர்களுக்குத்தான். மகாமகம் வருகிறது என்று அவர்களை விரட்டாமல், எங்கே கடை போடலாம் என்பதை அவர்களோடு உட்கார்ந்தே முடிவு செய்யலாம்.

நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம் இன்னொன்று. கும்பகோணத்தின் பேரைச் சொல்லி விற்கிற பொருட்களில் பாதி மாநகராட்சி எல்லைக்கு வெளியே பிறக்கின்றன. ஐம்பொன் சிலை சுவாமிமலையில், பட்டு திருபுவனத்தில், குத்துவிளக்கு நாச்சியார்கோவிலில். மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு, 2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்கும் கிடைத்தது. வெற்றிலை பயிராகும் கொடிக்கால்கள் ஊரைச் சுற்றிய கிராமங்களில். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உள்ளாட்சி, ஆனால் வருகிறவருக்கு எல்லாம் கும்பகோணம்தான். மேயரும் இந்த ஊர்களின் தலைவர்களும் நெசவாளர், ஸ்தபதி, விளக்குப் பட்டறைக்காரர்களின் பிரதிநிதிகளும் மாதம் ஒருமுறை உட்காரும் ஒரு கூட்டுக் குழு வேண்டும். அதற்கென்று சின்னதாக ஒரு நிதியும் வேண்டும்.

அந்தக் குழுவுக்கு முதல் வேலையாக நான் கொடுப்பது இது. 2023-ல் டெல்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன்னால் வைத்த 27 அடி நடராஜர் சுவாமிமலையில் வார்த்தது. உலகமே பார்த்தது. ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அங்கே ஒரு புதுச் சிலையை வாங்கினால், அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையின் சான்று வாங்க வேண்டும். சிலைத் திருட்டு நடக்கிற நாட்டில் அந்தச் சான்று அவசியம்தான், அதைக் குறை சொல்லவில்லை. அந்தச் சான்றை இங்கேயே வாரத்தில் ஒரு நாள் தரும் முகாம் ஒன்றைக் கேட்டு வாங்கினால், சுற்றுலா வந்தவர் ஊரை விட்டுப் போவதற்குள் சிலையைக் கையோடு எடுத்துப் போகலாம். பெரிய ஆர்டர் பிடிக்கத் தெரியாத சிறு பட்டறைக்கு இது பெரிய உதவி. கூடவே, களிமண் கட்டி மெழுகை உருக்கி உலோகம் ஊற்றுவதைப் பார்க்கப் பட்டறைகளுக்கு ஒரு சுற்றுப் பேருந்து, போகிற வழியில் தாராசுரம். 2004-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கோயில் அது. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கிறது. இவ்வளவையும் பார்க்க ஒரு பகல் பத்தாது.

தனி மாவட்டம் கேட்பவர்களுக்கும் நான் எதிரி இல்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தால் அலைச்சல் குறையும். ஆனால் கழிப்பறையும் கடை வாடகையும் வார்டு கணக்கும் மாவட்டம் பிரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கும்பகோணத்துக்காரர் யாராவது இதைப் படித்தால், உங்கள் கவுன்சிலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நம் வார்டில் போன வருஷம் எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு? 2027 தேர்தல் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டு வருவீர்களா?