காட்டில் சுற்ற எதற்குப் பட்டம்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் நிறுவனத் தலைமைத்துவத்தை முதன்மைப் பாடமாகவும் அவுட்டோர் ரெக்ரியேஷனை (மலையேற்றம், படகோட்டம் போன்ற வெளிப்புறச் செயல்பாடுகள் பற்றிய படிப்பு) துணைப்பாடமாகவும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மலையேற்றமும் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகும் எனக்கு உயிர். "காட்டில் சுற்ற எதற்குப் பட்டம்? யார் வேலை கொடுப்பார்கள்?" என்கிறார் அப்பா. எனக்கு இன்னொரு பயமும் உண்டு. நான் அதிர்ந்து பேசத் தெரியாதவள். நாலு பேர் முன்னால் நின்றால் குரலே எழும்பாது. தலைமை பற்றிப் படிக்க எனக்குத் தகுதி இருக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் தெரியாமல் நீங்கள் சேரக் கூடாது. ஆனால் இந்தப் படிப்பு, காட்டில் சுற்றுவதற்கானது அல்ல. மற்றவர்களைக் காட்டுக்கும் கடலுக்கும் கூட்டிப்போய், பத்திரமாகத் திரும்பக் கூட்டிவரும் பொறுப்புக்கானது. அந்தப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1993 மார்ச் மாதம், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் விரிகுடா. ஒரு சாகசப் பயிற்சி மையத்திலிருந்து பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், ஆசிரியருடனும் இரண்டு பயிற்றுநர்களுடனும் கயாக்கில் கடலுக்குள் போனார்கள். காற்று அவர்களைக் கரையைவிட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாணவர்கள் நான்கு பேர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்ததுதான் முக்கியம். அந்த மையத்தில் முன்பு வேலைபார்த்த இரண்டு பயிற்றுநர்கள், பாதுகாப்பு சரியில்லை என்று பல மாதங்களுக்கு முன்பே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். கடலுக்குள் கூட்டிப்போனவர்களுக்குத் திறந்த கடலில் குழு நடத்தும் அளவுக்குத் தகுதி இல்லை. குழு திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகும் உதவி கேட்பதில் தாமதம். 1994இல் அந்த நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே, சிறுவர்களுக்கான சாகச மையங்கள் உரிமம் பெற்றுத்தான் நடக்க வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது.

பிள்ளைகள் இறந்தது கடலில். ஆனால் யாரை வேலைக்கு எடுப்பது, வந்த கடிதத்தை என்ன செய்வது, எத்தனை மணிக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்பதெல்லாம் அலுவலக மேசையில் முடிவானவை. இவைதான் நிறுவனத் தலைமைத்துவ வகுப்பில் நீங்கள் படிக்கப்போகும் விஷயங்கள். அதனால் உங்கள் இரண்டு பாடங்களும் எனக்கு வேறுவேறாகத் தெரியவில்லை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் படிப்பவரைவிட நீங்கள் நன்றாகத் தேறுவீர்கள் என்றே நம்புகிறேன்.

இனி உங்கள் குரல் விஷயம். இதற்கும் ஒரு சம்பவம்தான் பதில். 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் காட்டுத்தீ. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து இறங்கிய தீயணைப்பு வீரர்கள் 15 பேர். அவர்களோடு தரையில் ஏற்கெனவே இருந்த வனக்காவலர் ஒருவர் சேர்ந்துகொண்டார். தீ திடீரென்று அவர்கள் பக்கம் திரும்பிச் சரிவில் மேலேறி வந்தது. குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ், ஓடுவதை நிறுத்திவிட்டுத் தனக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். எரிந்து முடிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றுமில்லை, அதில் படுத்துக்கொண்டால் பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. மற்றவர்களையும் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. அவர் பிழைத்தார். பாறை இடுக்கு வழியாக மேலே ஏறிய இருவர் பிழைத்தார்கள். 13 பேர் இறந்தார்கள்.

கார்ல் வைக் என்ற நிறுவனவியல் அறிஞர் 1993இல் இந்தச் சம்பவத்தை அலசி ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் தலைமைத்துவ வகுப்புகளில் அது பாடம். டாட்ஜ் அதிகம் பேசாதவர். குழுவில் பலருக்கு அவரோடு சேர்ந்து வேலைசெய்த பழக்கம் குறைவு. அதனால் தீயின் முன்னால் அவர் சொன்னது அவர்களுக்கு அர்த்தமாகவே இல்லை. தலைவர் புத்தி பேதலித்துத் தீ வைக்கிறார் என்றுகூடத் தோன்றியிருக்கலாம். அந்த நேரத்தில் எவ்வளவு உரக்கக் கத்தியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. தேவைப்பட்டது அதற்கு முந்தைய நாட்களின் பேச்சு: இப்படி நடந்தால் என்ன செய்வோம், ஏன் அப்படிச் செய்வோம் என்று குழுவோடு உட்கார்ந்து பேசியிருக்கும் பழக்கம்.

ஆகவே உங்கள் மெல்லிய குரல் தடை இல்லை. ஆனால் பேசாமலே இருந்துவிடும் பழக்கம் இருந்தால், அது தடைதான். அதை மாற்றிக்கொள்ள வேண்டும். காலையில் கிளம்பும் முன் இன்றைய பாதை எது, எந்த நேரத்தில் திரும்பிவிடுவோம், யாருக்குக் கால் வலிக்கிறது என்று ஐந்து நிமிடம் பேசக் கற்றுக்கொண்டால் போதும். இந்தத் துறையின் பெரிய பள்ளிகளில் ஒன்றான நோல்ஸ், 1965இல் பால் பெட்சோல்ட் என்ற மலையேற்ற வீரர் தொடங்கியது. தலைமை வகிப்பதன் நான்கு வகைகளை அங்கே கற்பிக்கிறார்கள். அவற்றில் ஒன்று, மற்றொருவர் தலைமை ஏற்கும்போது கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பின்தொடர்வது, தவறு கண்டால் எடுத்துச் சொல்வது. அமைதியானவர்கள் பலருக்கு இது இயல்பாகவே வரும். அங்கிருந்து தொடங்குங்கள்.

இப்போது நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மலை உங்களுக்குப் பிடிக்கும், சரி. மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகப் பிடிக்குமா? இரண்டும் ஒன்றல்ல. கூட்டிப்போகிறவர் குழுவிலேயே மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் நடக்க முடியும். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மேகம் கறுத்தால், ஆசையோடு நிற்கும் பத்துப் பேரின் முகத்தைப் பார்த்து "திரும்புவோம்" என்று சொல்ல வேண்டும். ராத்திரி யாருடைய கொப்புளத்துக்கோ மருந்து போட வேண்டும். இதையெல்லாம் நினைக்கும்போது மனம் சுருங்கினால், மலையேற்றத்தை உங்கள் சொந்த சந்தோஷமாக வைத்துக்கொண்டு வேறு படிப்புக்குப் போங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் சீசன் வேலைகள். சம்பளம் குறைவு, வருடத்துக்கு இரண்டு மூன்று இடங்கள் மாற வேண்டியிருக்கும். நிரந்தர வேலைகள், அதாவது முகாம் நிர்வாகி, பூங்காத் துறை அலுவலர், பல்கலைக்கழக அவுட்டோர் பிரிவின் ஒருங்கிணைப்பாளர், நிறுவன ஊழியர்களுக்கான பயிற்சித் திட்டங்களை நடத்துபவர் போன்றவை, பட்ஜெட் போடவும் ஆள் எடுக்கவும் காப்பீடு, அனுமதி வேலைகளைப் பார்க்கவும் தெரிந்தவர்களுக்குத்தான் போகின்றன. முழங்கால் ஓயும் வயதிலும் கைகொடுப்பது அந்தத் திறமைதான். உங்கள் முதன்மைப் பாடம் தருவதும் அதைத்தான். வேறு துறைக்குப் போனாலும் அது வீணாகாது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், சீசன் வேலையின் கஷ்டத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சேரும் முன் துறைக்கு எழுதி விசாரியுங்கள். நான்கு ஆண்டுகளில் களத்தில் எத்தனை நாட்கள்? மாணவர்கள் முறைவைத்து "இன்றைய தலைவர்" ஆகிக் குழுவை நடத்துவார்களா, அல்லது ஆசிரியரின் பின்னால் நடப்பார்களா? மாலையில் உட்கார்ந்து அன்றைய முடிவுகளை அலசும் வழக்கம் உண்டா? என் பார்வையில் இந்த அலசல்தான் படிப்பின் உயிர். அது இல்லாத இடத்தில் நீங்கள் சுற்றுலா மட்டுமே போய்வருவீர்கள்.

காட்டுச் சூழலுக்கான முதலுதவியில் நீண்ட பயிற்சி சுமார் 70 முதல் 80 மணி நேரம். குழு நடத்தும் வேலைகளில் பெரும்பாலும் அதன் சான்றிதழைக் கேட்பார்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அது பாடத்திட்டத்துக்குள் வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை வகுப்பு ஒன்று 16 மணி நேரத்தில், இரண்டே நாளில் முடிந்துவிடும். சேர்க்கைக் கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன் அதைப் போய்ப் படித்துவிடுங்கள். காயம்பட்டவராக நடிக்கும் ஒருவர் பக்கத்தில் மண்டியிட்டு, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லவேண்டி வரும். அது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.