நாயின் ஆறாத காயத்துக்கு பி.ஆர்.பி. பலன் தருமா? எப்படிச் செய்வார்கள்?

வண்டியில் அடிபட்டுப் பின்னங்காலில் தோல் உரிந்த 10 கிலோ நாய். மூன்று வாரமாக டிரெஸ்ஸிங் செய்தும் புண் மூடவில்லை, பி.ஆர்.பி. (நாயின் சொந்த ரத்தத்தைக் கருவியில் சுற்றிப் பிரித்தெடுக்கும், பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் அதற்கு முன் ரத்தத்தில் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கையைப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

பிளேட்லெட்டுக்குள் இருக்கும் வளர்ச்சிக் காரணிகள்தான் புதுத் திசுவையும் ரத்தக் குழாய்களையும் புண்ணுக்கு வரவழைக்கின்றன. நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பிளேட்லெட் சுமார் 2 முதல் 5 லட்சம் இருக்க வேண்டும். நம் ஊர் நாய்களிடம் உண்ணியால் வரும் எர்லிக்கியா என்ற ரத்தத் தொற்று மிகச் சாதாரணம். அது இந்த எண்ணிக்கையைத்தான் முதலில் சரிக்கிறது. குறைவாக இருக்கும்போது எவ்வளவு சுற்றினாலும் கிடைப்பது வெறும் பிளாஸ்மா. முதலில் எர்லிக்கியாவுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரத்தம் கழுத்துச் சிரையில் (ரத்தக் குழாயில்), ஒரே குத்தில் எடுக்க வேண்டும். ஊசியை உள்ளே வைத்துத் துழாவினால் பிளேட்லெட் அங்கேயே விழித்துக்கொண்டு கட்டிதட்டும். ரத்தம் உறையாமல் இருக்க, 18 மி.லி. ரத்தத்துக்கு 2 மி.லி. சோடியம் சிட்ரேட் (3.2 அல்லது 3.8 சதவீதம்). 10 கிலோ நாய்க்கு இது பாதுகாப்பான அளவு. சி.பி.சி. (ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை) எடுக்கும் ஊதா மூடி டியூப் இதற்கு ஆகாது, அதிலுள்ள இ.டி.டி.ஏ. என்ற உறைவுத் தடுப்பான் பிளேட்லெட்டின் சவ்வைக் கெடுக்கும்.

ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் கருவியான சென்ட்ரிஃபியூஜில் பலரும் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும் கேட்கிறார்கள். ரோட்டரின் ஆரம் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 1200 ஆர்.பி.எம். என்பது 10 செ.மீ. ஆரத்தில் சுமார் 160 ஜி (புவியீர்ப்பைப் போல 160 மடங்கு விசை), 15 செ.மீ. ஆரத்தில் 240 ஜி. முதல் சுற்று 160 ஜி அளவில் 10 நிமிடம். வேகம் கூடினால் பிளேட்லெட்டும் சிவப்பணுவோடு கீழே போய்விடும். மேலே நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவை, வெள்ளைப் படலத்துக்குச் சற்று மேல் வரை மட்டும் உறிஞ்சி, வேறு டியூபில் 400 ஜி அளவில் 10 நிமிடம் சுற்றுங்கள். மேல் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தில் அடியிலிருக்கும் வண்டலை மெதுவாகக் கலக்குங்கள். வெளிச்சத்தில் டியூபை லேசாகச் சுழற்றினால் பட்டு நூல் அசைவதுபோல் மினுமினுப்பு தெரிய வேண்டும். திட்டுத்திட்டாக மிதந்தால் கட்டிதட்டிவிட்டது, அதைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டரை, மூன்று மி.லி. கிடைக்கும். ஃபிரிட்ஜில் வைக்காமல் அன்றே போட்டுவிட வேண்டும்.

புண்ணில் புழு, சீழ், கருகிய தோல் எதுவும் இருக்கக் கூடாது. செத்த திசுவை வெட்டிவிட்டுச் சலைனால் நன்றாகக் கழுவுங்கள். அன்றைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். போவிடோன் அயோடின் போட்டிருந்தால் அதையும் கழுவிவிடுங்கள். ஒரு மி.லி. பி.ஆர்.பி.க்கு 0.1 மி.லி. வீதம் 10 சதவீத கால்சியம் குளுகோனேட் கலந்தால் சில நிமிடங்களில் ஜெல்லாக உறையும். அதைப் புண்ணில் பரப்பி, பாரஃபின் டூல் (பாரஃபின் தடவிய வலைத்துணி) வைத்து, மேலே பஞ்சும் கட்டும் போடுங்கள். கொஞ்சம் பி.ஆர்.பி.யைக் கால்சியம் கலக்காமல் ஒதுக்கி, மெல்லிய ஊசியால் புண்ணின் ஓரத் தோலில் சுற்றிலும் போடுவதும் உண்டு. மூன்று, நான்கு நாள் கட்டைப் பிரிக்கத் தேவையில்லை. நாற்றமோ ஈரமோ கசிந்தால் மட்டும் உடனே பிரியுங்கள். நாய் நக்காமல் இருக்கக் கழுத்துக் காலர் கட்டாயம். நக்கினால் ஜெல் ஒரு மணி நேரம்கூடத் தங்காது.

வாரம் ஒரு முறை செய்வது வழக்கம். ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்துப் புண்ணைப் படம் எடுங்கள். இரண்டு முறை போட்டும் ஓரம் உள்நோக்கி நகரவில்லை என்றால் மூன்றாவது முறை போடாமல் பயாப்ஸிக்கு அனுப்புங்கள். ஆறாத புண் சில நேரம் புற்றாக இருக்கும், அங்கே வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டக் கூடாது.

இதே முறையைக் குதிரையின் முட்டிக்குக் கீழுள்ள காயத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே புண்ணில் சதை புடைத்து வளர்வது இயல்பிலேயே அதிகம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் பி.ஆர்.பி. போட்ட கால் காயங்களில் அந்தப் புடைப்பு கூடி, ஆறுவது தாமதமானது.