காப்பி செய்ததையெல்லாம் பட்டியலாக வைத்திருக்கும் கிளிப்போர்டு ஹிஸ்டரிக்கு எல்லாம் ஒரு கருவி தேவையா? கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி போதாதா?

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வரி எடுத்து ஒட்டுபவர் என்றால் போதும், தாராளமாக அப்படியே இருங்கள். ஆனால் கேள்வியின் கீழே "இதெல்லாம் சோம்பேறிகளுக்கு" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

என் வேலையில் பாதி, எக்செல்லில் இருந்து பெயர், எண், முகவரி என்று எடுத்து வேறொரு படிவத்தில் போடுவதுதான். சாதாரண கிளிப்போர்டில் கடைசியாக எடுத்தது மட்டும்தான் நிற்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே அலைய வேண்டும். ஹிஸ்டரி இருந்தால் மூன்றையும் வரிசையாக காப்பி செய்துகொண்டு ஒரே தடவை வந்து ஒட்டிவிடலாம்.

இதைக் கிண்டல் செய்துகொண்டிருந்த சக ஊழியர் ஒருவர், ஒரு நாள் என் கணினியில் உட்கார்ந்து நீளமான விளக்கம் ஒன்றை இணையப் படிவத்தில் தட்டினார். முன்ஜாக்கிரதையாக முழுவதையும் காப்பி செய்துவிட்டுத்தான் அனுப்பினார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் திரையில் வந்தது உள்நுழைவுப் பக்கம். பதற்றத்தில் பயனர் பெயரை எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டினார், விளக்கம் போயே போய்விட்டது. முகத்தில் ஈயாடவில்லை. நான் எட்டி விண்டோஸ் விசையையும் வி-யையும் சேர்த்து அழுத்தினேன், பட்டியலில் பயனர் பெயருக்குக் கீழேயே மொத்த விளக்கமும் இருந்தது. ஒன்றும் பேசாமல் ஒட்டிவிட்டு எழுந்து போனார். மறுநாள் அவர் கணினியிலும் அதே பட்டியல்!

இந்த வசதி 2018-இல் இருந்து விண்டோஸ் 10-லேயே இருக்கிறது, முதல் தடவை அழுத்தும்போது இயக்கச் சொல்லிக் கேட்கும், அவ்வளவுதான். காப்பி செய்தவற்றில் 25 வரை வைத்துக்கொள்ளும், கணினியை மறுபடி தொடங்கினால், பட்டியலிலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைத்தவை தவிர மற்றதெல்லாம் போய்விடும். அது பற்றாது என்றால் டிட்டோ என்ற செயலி இருக்கிறது, இலவசம், பழையதைத் தேடியும் எடுக்கலாம்.

"கடவுச்சொல்லும் அதில் பதிவாகுமே" என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஆகும்தான், மறுக்கவில்லை. அதனால் பலர் புழங்கும் கணினியில் போடாதீர்கள். என் இயந்திரத்தில் கடவுச்சொல்லை, அவற்றைச் சேமித்து வைக்கும் கீபாஸ் என்ற செயலியில் இருந்துதான் எடுக்கிறேன், அது இந்தப் பட்டியலில் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளும், சில நொடிகளில் கிளிப்போர்டையும் தானே துடைத்துவிடும்.

பாதுகாப்பு என்றதும் இன்னொன்று. சில தளங்கள் கடவுச்சொல் கட்டத்திலும் கணக்கு எண்ணை மறுபடி கேட்கும் கட்டத்திலும் ஒட்டவே விடுவதில்லை. பார்த்துப் பார்த்துத் தட்டும்போதுதானே ஓர் இலக்கம் மாறும்? அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, கடவுச்சொல்லை ஒட்ட அனுமதியுங்கள் என்று எழுதியாகிவிட்டது. இந்தத் தளங்களைக் கட்டுகிறவர்கள் அதை எப்போது படிப்பார்களோ.