ஊசி தொடங்கினால் வேன் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. களுவாஞ்சிக்குடியில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஹயருக்கு வேன் ஓடுகிறேன். ஆறு வருடமாகச் சீனி வருத்தம். மெட்போர்மினும் கிளிக்ளசைடும் எடுக்கிறேன். போன மாதம் ஓர் இரவு வெலிக்கந்தைக்குக் கிட்ட உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கியது. இரண்டு டொபி சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. இப்போது கிளினிக்கில் இன்சுலின் ஊசி தொடங்கச் சொல்கிறார்கள். ஊசி போட்டால் லைசன்ஸ் தரமாட்டார்கள் என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். மெடிக்கல் எடுக்கும்போது வருத்தத்தைச் சொல்லாமல் விடலாமா டொக்டர்?

பதில்: தம்பி, லைசன்ஸ் கதைக்குப் பிறகு வருவோம். அந்த வெலிக்கந்தை இரவுதான் என்னைப் பயப்படுத்துகிறது. உங்களுக்கு அன்று சீனி கூடவில்லை, குறைந்திருக்கிறது. இரவுக் குளிசையைப் போட்டுவிட்டு, ஹயர் அவசரத்தில் சாப்பாட்டைத் தவறவிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். மெட்போர்மின் தனியாகச் சீனியை இப்படி இறக்குவது மிகக் குறைவு. கிளிக்ளசைடும் இன்சுலினும் இறக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை.

இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே (mg/dL கணக்கில்) போனால் முதலில் வியர்வை, நடுக்கம், படபடப்பு. இன்னும் இறங்கினால் மூளை தடுமாறும். பாதை தெரியும், ஆனால் பிரேக்கை எப்போது மிதிப்பது என்று புரியாது. பிரஷருக்கு அட்டெனோலோல் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். அப்படி ஏதாவது எடுத்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஆகவே ஒரு சீனி மீட்டர் வாங்கி வேனில் வையுங்கள். வெளிக்கிட முன் விரலில் குத்திப் பாருங்கள், 90க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. புணானைக் காட்டுக்குள் யானைக்குப் பயந்து வேனை நிறுத்த முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஓட்டமாவடியில் ஒருமுறை பார்த்துவிட்டே காட்டுக்குள் இறங்குங்கள்.

ஓடும்போது நடுக்கம் வந்தால் "அடுத்த கடையில் பார்ப்போம்" என்று நினைக்க வேண்டாம். ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறிய பிறகு பிஸ்கட்டோ பாணோ சாப்பிட்டு, 45 நிமிடமாவது இருந்துவிட்டு ஓடுங்கள். மீட்டர் சரி என்று காட்டினாலும் மூளை தெளிய அவ்வளவு நேரம் வேண்டும். ஏறியிருப்பவர்கள் பிளைட்டுக்கு அவசரப்படுவார்கள்தான், காரணத்தைச் சொன்னால் எவரும் ஓடச் சொல்லமாட்டார்கள்.

சரி, லைசன்ஸ். மெடிக்கல் எடுக்கும்போது மறைக்கவே வேண்டாம். உங்கள் கிளினிக் கொப்பியையும், மீட்டரில் பார்த்து எழுதிய கணக்கையும் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்துக்குக் கொண்டு போங்கள். முடிவு அங்கே பார்க்கும் டொக்டருடையது. ஆனால் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது, குறைந்தால் என்ன செய்வதென்று தெரிந்திருக்கிறது, பார்வை நன்றாக இருக்கிறது என்பதை நீங்கள் காட்டலாம். எங்கள் கிளினிக்குக்கு ஊசி போட்டுக்கொண்டே வாகனம் ஓடுபவர்களும் வருகிறார்கள்.

ஊசிக்குப் பயந்து சீனியைக் கூடவிட்டால் கண்ணும் காலும் போகும். பாதம் விறைத்தால் பிரேக் எவ்வளவு இறங்கியது என்றே தெரியாது. ஊசி தொடங்கிய முதல் சில வாரங்களில் பார்வை கொஞ்சம் மங்கலாம், அளவும் சரிப்பட வேண்டும். அதுவரை இரவு ஹயரை வேறு ஆளிடம் கொடுங்கள். வருமானம் குறையும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்சுலினை டாஷ்போர்டில் வைக்காதீர்கள், நம்மூர் வெயிலில் அது பழுதாகிவிடும். வருடம் ஒருமுறை கண் கிளினிக்குக்குப் போங்கள். அன்று கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், சில மணித்தியாலம் எல்லாம் மங்கலாகத் தெரியும். வேனை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள்.