வெள்ளவத்தை வீட்டுக்கு எந்த எயார் பியூரிஃபையர் சரி?
கொழும்பு காலி வீதிப் பக்கம் 150 சதுர அடி அறை, பிள்ளைக்கு மூச்சிழுப்பு, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பெட்டியில் சீ.ஏ.டி.ஆர். அளவைப் பாருங்கள், மணித்தியாலத்துக்கு எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பது அதுதான். உங்கள் அறைக்குக் குறைந்தது 170 கனமீட்டர் வேண்டும். ஆனால் இரவில் சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைப்பீர்கள், அப்போது அந்த அளவும் விழுந்துவிடும். அதனால் 250 உள்ளதையே எடுங்கள்.

ஃபில்டர் உண்மையான ஹெப்பாவாக இருக்கட்டும், 0.3 மைக்ரோன் அளவான, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களிலேயே 99.97 வீதத்தைப் பிடிக்கும். 'ஹெப்பா மாதிரி' என்றால் விட்டுவிடுங்கள். நுரையீரலை உறுத்தும் ஓசோன் வாயுவை விடும் மெசின் இழுப்புள்ள பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். மாற்று ஃபில்டர் கொழும்பில் கிடைக்குமா, என்ன விலை என்று கடையிலேயே கேளுங்கள்.

ஓடும்போது யன்னலைச் சாத்துங்கள், வெளிக்காற்று மோசமாக இருக்கும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கட்டாயம். பிறகு, அந்த அறையில் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள், வலை கட்டுங்கள்.